செவிக்குள் ஒரு துலாக்கோல்

இரத்தோட்டையைக் கடந்து ரிவர்ஸ்டனை நோக்கி ஏறும் மலைப்பாதையிற் காலை வேளையிற் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஒருபுறம் பள்ளம்; மறுபுறம் ஏணியைச் சார்த்தி வைத்தாற்போல எழுந்து நிற்கும் தேயிலை மலை. அம்மலையிலே தலையிற் கயிற்றை மாட்டி முதுகிற் கூடையைத் தொங்கவிட்ட பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பர். இரவு பெய்த மழையில் மண் வழுக்கும். கொழுந்து ஏற ஏறப் பாரம் பின்னுக்கு இழுக்கும். தும்பறை மலைத்தொடரைத் தழுவி வரும் காற்று பக்கத்திலிருந்து தள்ளும். இருந்தும் அவர்கள் விழுவதில்லை. கை கொழுந்திலும் வாய் பேச்சிலும் இருக்க, கால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அவர்களை விழாமற் காப்பது எது? கால் என்போம், கண் என்போம். இரண்டும் உண்மையே. தசையும் மூட்டும் உடல் இருக்கும் நிலையை மூளைக்கு ஓயாது அறிவிக்கின்றன. கண் தொடுவானத்தையும் மரத்தையும் கண்டு நிமிர்வு எது, சாய்வு எது என்று சொல்கிறது. ஆனால், இருட்டிலும் நாம் நிற்கிறோம். கண்ணை மூடிக்கொண்டும் தலை சாய்ந்ததை உணர்கிறோம். மூன்றாவதாக ஒரு சாட்சி இருத்தல் வேண்டும். அச்சாட்சி நம் செவிக்குள்ளே இருக்கிறது. கேட்பதற்கென்றே படைக்கப்பட்டதாக நாம் எண்ணியிருக்கும் காது, நிற்பதற்கும் நடப்பதற்கும் படைக்கப்பட்டதாகும்.

ஐயமுடையோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இவ்வேட்டைக் கையில் அசையாது பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் விரைவாக ஆட்டுங்கள். எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். இனித் தலையை அசைக்காமல் ஏட்டை அதே விரைவில் ஆட்டுங்கள். எழுத்துக்கள் கலைந்துவிடும். இரண்டு வேளையிலும் அசைவு ஒன்றே; முதல் வேளையில் மட்டும் செவிக்குள்ளிருந்து புறப்பட்ட செய்தி, ஒரு வினாடியின் நூற்றிலொரு பங்கு நேரத்துக்குள் கண்ணை எதிர்ப்புறம் திருப்பிவிடுகிறது. நாம் உலகை நடுங்காத ஓவியமாகக் காண்பது இதனாலேதான்.

இத்துணை அமைதியாகத் தொண்டு செய்யும் உறுப்புப் பழுதுபட்டால் என்னாகும்? நேற்றுவரை மலையேறிய பெண்ணுக்கு இன்று மலை சுழல்கிறது. உடன் நிற்பவர்களுக்கு எதுவும் சுழலவில்லை. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, இரத்தச் சோதனையிலும் குறையில்லை. பித்தம் என்கிறார் ஒருவர்; கண்ணேறு என்கிறார் மற்றொருவர்; வேலைக்குக் கள்ளம் என்று வாய்விட்டுச் சொல்லாமலே அரைப்பேர் போடுகிறார் இன்னொருவர். நோயின் துன்பம் ஒருபுறமிருக்க, அந்நோயைப் பிறர் நம்பாத துன்பம் அதனினும் பெரிதாகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்நோயை மனிதன் எவ்வாறு படிப்படியாகக் கண்ணாற் காணக் கற்றுக்கொண்டான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாறைக்குள் ஒரு மாளிகை

மண்டையோட்டின் அடிப்புறத்தே, காதுக்கு உட்பக்கமாக, உடலின் எலும்புகளுள் மிகவும் கடினமானதென்று சொல்லத்தக்க ஒரு பகுதி உண்டு. மேனாட்டு வைத்திய நூலோர் அதனைப் பாறை என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர். அப்பாறையைக் குடைந்தாற்போல உட்செவி அமைந்திருக்கிறது. அதன் முன்பகுதி நத்தையின் ஓடு போலச் சுருண்டது; அது கேட்டலுக்கு உரியது. பின்பகுதியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், ஓர் அறையின் தரையும் இரு சுவர்களும் ஒரு மூலையிற் சந்திப்பதுபோல, ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. இவற்றுக்கும் நத்தைச்சுருளுக்கும் இடையே இரு சிறு பைகள் உள்ளன.

கால்வாய்களுக்குள் நீர்மம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது எலும்பு உடனே திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர்மமோ ஒரு கணம் பின்தங்குகிறது. ஓடும் பேருந்து திடீரெனத் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் எதிர்ப்புறம் சரிவதில்லையா, அதுபோல. பின்தங்கிய நீர்மம் ஒரு மென்றிரையை வளைக்க, அதன் அடியிலுள்ள மயிர்க்கலங்கள் நரம்புவழியே செய்தி அனுப்புகின்றன. சிறு பைகளிலோ சுண்ணாம்பாலான நுண்ணிய செவிக்கற்கள் ஒரு பசைப்படலத்தின்மேற் படிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை கீழ்நோக்கி இழுபட்டுச் சாய்வை அறிவிக்கின்றன. துலாக்கோலின் தட்டும் படியும் இவைதாம்.

இவ்வளவு வேலையையும் செய்யும் ஒரு கால்வாயின் எலும்புக் குழல் சுமார் 1 மில்லிமீற்றர் அகலமே உடையது. மேலும் ஒரு வியப்பு: குழந்தை பிறக்கும்போதே இவ்வெலும்பு மாளிகை வளர்ந்தோரின் அளவை எட்டிவிடுகிறது. தொட்டிலிற் கிடக்கும் சிசுவும் பல்லுப்போன பாட்டியும் ஒரே அளவான துலாக்கோலையே தாங்கியிருக்கின்றனர்.

புறாக்கள் சொன்ன செய்தி

இவ்வுறுப்பின் தொழில் நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. 1820-களிற் பிரெஞ்சு அறிஞர் பியேர் புளூரன்ஸ் புறாக்களின் கால்வாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். எந்தக் கால்வாய் வெட்டப்பட்டதோ அந்தக் கால்வாயின் தளத்திலேயே புறாவின் தலை ஆடத் தொடங்கியது. கேட்டலோ கெடவில்லை. காதென்று எண்ணிய இடத்தில் வேறொரு புலன் குடியிருப்பதை அப்பறவைகள் தம் துன்பத்தால் உணர்த்தின.

எனினும், மனிதருக்கு வரும் தலைச்சுற்று மூளைக்கு இரத்தம் ஏறுவதால் வருவதென்றே வைத்தியர்கள் கொண்டிருந்தனர். நோயாளரின் இரத்தத்தை வடித்தும் வந்தனர். பாரிசிற் செவிப்புலனற்றோர் நிலையத்தில் வைத்தியராயிருந்த புரொஸ்பர் மெனியே, 1861-இல் இக்கொள்கையை மறுத்து, செவியிரைச்சலும் செவிட்டுத்தன்மையும் கூடிய தலைச்சுற்றுக்கு உறைவிடம் உட்செவியே என்று எடுத்துரைத்தார். இன்று அவர் பெயராலேயே ஒரு நோய் வழங்குகிறது. பின்னர் வியன்னா நகரின் ரொபேட் பாரானி, காதுக்குள் தண்ணீரையும் வெந்நீரையும் மாறி மாறி விட்டுக் கண்ணின் ஆட்டத்தை நோக்கி, எச்செவி பழுதுற்றதென்று கண்டறியும் வழியைக் காட்டினார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, அவர் உருசிய நாட்டிற் போர்க்கைதியாக இருந்தார்.

இம்முறைகள் யாவும் வீட்டின் வெளியே நின்று உள்ளே நடப்பதை ஒலியால் ஊகிப்பவை. உயிரோடிருப்பவரின் பாறையெலும்பைத் திறந்து பார்ப்பது எங்ஙனம்? சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் மண்டையோட்டின் எலும்புகள் எல்லாம் ஒன்றன்மேலொன்றாக விழுந்து, நுண்மை முழுவதையும் மறைத்துவிட்டன.

அரியாமல் அரிந்து பார்த்தல்

பலாப்பழத்தை அரியாமலே உள்ளே சுளை எங்கே, கொட்டை எங்கே என்று சொல்ல வல்ல ஒருவன் இருந்தால் அவனை மாயக்காரன் என்போம். அத்தகைய மாயத்தையே கணினி வெட்டுப்படம் செய்கிறது. மக்கள் வழக்கில் அது சீ.ரீ. ஸ்கேன். எக்ஸ்-கதிர்க் குழல் உடலைச் சுற்றிவந்து பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்துகிறது. ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டதென்பதைக் கருவி அளக்கிறது. அந்த அளவுகளையெல்லாம் கணினி கூட்டிக் கழித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் கணக்கிட்டு, மெல்லிய ஓர் அரிபடமாக நம்முன் வைக்கிறது.

இங்கிலாந்தின் கொட்பிறி ஹௌன்ஸ்பீல்ட் அமைத்த கருவியால், 1971 ஒக்டோபர் 1-ஆந் திகதி இலண்டனின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். இதற்கு வேண்டிய கணிதத்தை முன்னரே ஆராய்ந்திருந்த அலன் கோர்மக்கும் அவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால், அந்த முதற் படம் 80 நிரலும் 80 நிரையுமான கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 3 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள கால்வாய் அந்த வலையிற் சிக்குமா? அயிரை மீனைப் பிடிக்கப் பெருங்கண் வலையை வீசியதுபோலாயிற்று. வலையின் கண் சிறுகச் சிறுகத்தான் உட்செவி வெளிச்சத்துக்கு வந்தது.

பிறவியிலேயே கால்வாய்கள் அமையாத காதுகளும், அரைகுறையாகச் சுருண்ட நத்தைச்சுருள்களும் இப்போது படத்திலே தெரிந்தன. உட்செவியிலிருந்து மூளைப்பக்கம் செல்லும் ஒரு நுண்குழாய், நடுவில் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றிருந்தால் அது ஒரு நோய்க்குறி என்று வல்வசோரி, கிளெமிஸ் என்னும் இருவர் 1978-இல் எடுத்துக்காட்டினர். அத்தகைய குழந்தை, தலையிற் படும் சிறு அடியாலும் கேள்வியை இழக்கக்கூடும், தள்ளாடவும் கூடும். அரை மில்லிமீற்றர் வேறுபாட்டில் ஒரு குழந்தையின் எதிர்காலம் தங்கியிருக்கிறதென்றால், நுண்மையின் பெருமையை என்னென்பது!

தம் கண் அசைவதைக் கேட்டவர்கள்

இத்துறையில் நடந்த நிகழ்ச்சிகளுள் மனத்தை மிகவும் தொடுவது ஒன்றுண்டு. உரத்த ஓசை கேட்டால் உலகம் சுழல்கிறது என்று சிலர் முறையிட்டு வந்தனர். இருமினாலும் முக்கினாலும் தள்ளாட்டம் வருகிறது என்றனர். அவர்களுட் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, தம் நாடித்துடிப்பும் காலடி அதிர்வும் காதுக்குள் முழங்குவதாகவும், தம் கண்மணி திரும்பும் ஒலியே தமக்குக் கேட்பதாகவும் கூறினர். கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பர்? இது செவிநோயன்று, சித்தப்பிரமை என்றே பலரும் நினைத்தனர்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வைத்தியர் லொயிட் மைனர் அவ்வாறு நினைக்கவில்லை. அவர் நோயாளரின் கண்ணைக் கூர்ந்து நோக்கினார். ஓசை எழுந்தபோது கண்கள் மனம்போனபடி ஆடவில்லை. மேற்புற அரைவட்டக் கால்வாயின் தளத்திலேயே அசைந்தன. புளூரன்சின் புறாக்கள் கற்பித்த பாடம் இதுவே அன்றோ! 1920-களில் இத்தாலியரான பியெத்ரோ துல்லியோவும், கால்வாயிலே துளையிட்ட புறாக்கள் ஓசைக்குத் தலையசைப்பதைக் கண்டிருந்தார். ஆகவே இந்நோயாளரின் கால்வாயிலும் எங்கேயோ ஒரு துளை இருத்தல் வேண்டும் என்று மைனர் ஊகித்தார். நுண்ணிய வெட்டுப்படம் எடுக்கப்பட்டது. மூளைக்கும் மேற்புறக் கால்வாய்க்கும் இடையே இருக்கவேண்டிய எலும்புக் கூரை அங்கே திறந்து கிடந்தது. 1998-இல் அவரும் துணைவரும் 8 நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரை இந்நோயை உலகுக்கு அறிவித்தது.

நடந்தது இதுதான். உட்செவிக்கு இயல்பாக இரு சாளரங்கள் உண்டு. ஒன்றில் ஓசை நுழைய, மற்றொன்று அதற்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கிறது. கூரையிலே மூன்றாவது சாளரம் திறந்துவிட்டால், நத்தைச்சுருளுக்குச் செல்லவேண்டிய ஓசையின் வலு கால்வாய்ப் பக்கம் திரும்பித் தலைச்சுற்றைத் தருகிறது. உடலுக்குள் எழும் ஒலிகளோ எலும்புவழியே வந்து பெருமுழக்கமாகின்றன. அத்துளையை அடைத்தோ கூரையை மூடியோ சத்திர சிகிச்சையால் நிவாரணம் அளிக்கவும் வழி பிறந்தது. பைத்தியம் என்று எண்ணப்பட்டவர்கள் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் படம்தான் அதுவரை போதிய கூர்மை பெறவில்லை.

படமும் பொய் சொல்லும்

ஆனால், இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லாதுவிடல் நேர்மையன்று. மைனரும் துணைவரும் 596 பேரிடமிருந்து பெற்றுப் பேணப்பட்ட 1,000 செவியெலும்புகளை ஆராய்ந்து 2000-இல் எழுதினர். உண்மைத் துளை இருந்தவை நூற்றுக்கு 0.5 மட்டுமே, கூரை 0.1 மில்லிமீற்றரளவு மெலிந்திருந்தவை நூற்றுக்கு 1.4. காகிதம்போல் மெலிந்த எலும்பைத் தடித்த அரிபடம் காட்டாது, துளையென்றே காட்டிவிடும். 1 மில்லிமீற்றர் அரிபடம் துளை என்று சொன்னவற்றுள் நூற்றுக்கு 50-தான் மெய்யென்றும், 0.5 மில்லிமீற்றரில் எடுத்துக் கால்வாயின் தளத்திலேயே திருத்தி அமைத்த படத்தில் அது 93 ஆக உயர்ந்ததென்றும் 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே, படத்தை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. நோயாளியின் வாய்மொழியும் கண்ணின் அசைவும் படமும் ஒன்றுக்கொன்று சான்று பகர வேண்டும்.

மேலும், இப்படம் எலும்பைக் காட்டுமேயன்றி அதனுள்ளிருக்கும் மென்படலங்களைக் காட்டாது. மெனியே கண்ட நோயில் உட்பை வீங்குவதை உயிருள்ளவரிற் காண்பதற்கு, யப்பானின் நகோயா நகர ஆய்வாளர் 2007-இல் காந்த அலைப் படத்தையே நாடவேண்டியிருந்தது. தலைச்சுற்றுக்களுள் மிகப் பொதுவானது, செவிக்கற்கள் தம் இடம்விட்டு உதிர்ந்து கால்வாய்க்குள் விழுவதால் வருவது. படுக்கையிற் புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் சில வினாடிகள் உலகம் சுழன்று நிற்கும். அந்த நுண்கற்களைச் சீ.ரீ. படம் காட்டாது. அதனைக் கண்டறிய ஒரு கட்டிலும் ஒரு வைத்தியரின் இரு கைகளுமே போதும். தலையைப் பக்கவாட்டில் திருப்பியவாறு நோயாளியைச் சட்டெனப் படுக்கவைத்துக் கண்ணை நோக்கும் முறையை மார்கிரட் டிக்சும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் 1952-இல் விளக்கினர். தலையைப் படிப்படியாகத் திருப்பி அக்கற்களை மீண்டும் பைக்குள் உருட்டிவிடும் முறையை ஜோன் எப்லி 1992-இல் எழுதினார். வைத்தியர் சில நிமிடங்களிற் செய்து முடிக்கும் இம்முறைக்கு எந்தப் பொறியும் வேண்டா.

ஆகவே, தலைசுற்றும் ஒவ்வொருவருக்கும் படமெடுத்தல் அறிவுடைமையன்று. கதிரும் வீணே, பொருளும் வீணே. ஆனால், திடீரென வந்த தலைச்சுற்றோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் மரத்தல், எழுந்து நிற்கவே இயலாமை ஆகியவை சேர்ந்திருந்தால், அது சிறுமூளையின் இரத்தவோட்டம் தடைப்பட்டதாக இருக்கலாம். அப்போது ஒரு நாழிகையும் தாமதியாது பெரிய வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

தேவாங்கும் ஆதிமனிதனும்

நோயாளருக்கென எழுந்த இக்கருவி, மாந்தர் வரலாற்றின் ஏட்டையும் புரட்டிக் காட்டியது. உயிர் போய் இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆனபின்னும் பாறையெலும்புக்குள் கால்வாய்களின் வடிவம் அழியாதிருக்கும். பிரெட் ஸ்பூர், பேர்னாட் வூட், பிரான்ஸ் சொனவெல்ட் ஆகியோர் புதைபடிவ மண்டையோடுகளை உடைக்காமலே வெட்டுப்படமெடுத்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆபிரிக்காவின் தொல்மாந்தக் குரங்கினங்களின் கால்வாய்கள் இன்றைய வாலில்லாக் குரங்குகளுடையவற்றை ஒத்திருந்தன. நிமிர்ந்த மாந்தன் என்று பெயர் பெற்ற இனத்திலேதான் நம்முடைய கால்வாய் அமைப்பு முதன்முதற் காணப்பட்டது. நாம் இரு காலில் நடப்பவர் என்பதைக் காலெலும்பு மட்டுமன்றிக் காதெலும்பும் எழுதிவைத்திருக்கிறது.

பின்னர் 2007-இல் ஸ்பூரும் துணைவரும் 91 முதனியினங்களையும் வேறு 119 பாலூட்டியினங்களையும் ஒப்பிட்டனர். துள்ளிப் பாயும் விலங்குகளுக்கு உடல் எடையை நோக்கப் பெரிய கால்வாய்களும், மெல்ல ஊர்ந்து செல்வனவற்றுக்குச் சிறியவையும் இருந்தன. நம் தேவாங்கு சேர்ந்த குடும்பம் இரண்டாம் வகையது. தும்பறைக் காடுகளில் இரவில் ஒரு கிளையை விட்டு மறுகிளையைப் பற்றுமுன் பன்முறை எண்ணிப் பார்ப்பதுபோல் நகரும் அந்தச் சிறு பிராணியை, ஒல்லியானவரைப் பழிப்பதற்கு உவமையாகவே நாம் நினைத்திருக்கிறோம். அதன் நிதானமும் ஒரு கால்வாயின் வளைவிற் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று அறியும்போது, பழிப்பு வியப்பாக மாறுகிறது.

மலைச்சரிவில்

மறுபடியும் இரத்தோட்டை மலைக்கு வருவோம். அங்கே நிரையில் நின்று தள்ளாடும் பெண்ணுக்கு நுண்ணிய செவிப்படம் வேண்டியிருந்தால் அவர் மலையிறங்கிக் கண்டித் தேசிய வைத்தியசாலை போன்ற பெருவைத்தியசாலையை நாடவேண்டியிருக்கும். அது ஒரு நாட் பேரை இழக்கும் பயணம். அந்தப் பயணம் தேவையா, அன்றிக் கட்டிலிற் செய்யும் சிகிச்சையே போதுமா என்று பகுத்தறிவதற்கு வேண்டிய முதற் கருவி எது? அவர் சொல்வதைச் செவிமடுத்தலே.

இதிலே நம் தமிழ் பெருந்துணை செய்ய வல்லது. நினைவு மங்கி விழப்போவதுபோல் இருப்பது மயக்கம். உலகமோ தானோ சுழல்வதுபோல் இருப்பது கிறுகிறுப்பு. தலையில் ஒன்றுமில்லை, கால்தான் நிலைகொள்ளவில்லை என்பது தள்ளாட்டம். முதலாவது பெரும்பாலும் இருதயத்தையும் இரத்தத்தையும், இரண்டாவது செவியையும், மூன்றாவது நரம்பையும் நோக்கி விரல் நீட்டுகின்றன. பேச்சுவழக்கில் மூன்றையும் மயக்கம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வைத்தியரும் அதையே எழுதிக்கொள்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிரித்துக் கேட்கும் பொறுமை இருந்தால், பாதி நோய் அங்கேயே வெளிப்படும். படிக்கும் பிள்ளைகளுக்கு இம்மூன்று சொற்களின் வேறுபாட்டை ஓர் ஆசிரியர் கற்பித்தால், அப்பிள்ளை தன் தாய்க்காக வைத்தியரிடம் வாய் திறக்கும் நாளில் அந்தப் பாடம் பயன் தரும்.

வள்ளுவர், கேள்வி என்னும் அதிகாரத்தில், ஒழுக்கமுடையாரின் வாய்மொழியை வழுக்குநிலத்தில் நடப்பவருக்குக் கைகொடுக்கும் கோலுக்கு ஒப்பிட்டார். செவியின் சிறப்பைச் சொல்லவந்த இடத்தில் விழாமையை அவர் நினைத்தது எத்துணைப் பொருத்தம்! வழுக்கும் மலைச்சரிவிலே நின்று, "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று சொல்லும் ஒருவருக்கு நாம் கொடுக்கக்கூடிய முதற் கோல், அவர் சொல்லை நம்புவதாகும். படமெடுக்கும் பொறி அதற்குப் பின்னர் வரட்டும்.